கிடை நடக்கும் பாதை

மாசி பிறந்து, மல்லியும் உளுந்தும் களத்துக்கு வந்து, பருத்திச் செடியில் கடைசி வெடிப்பும் எடுத்து முடிந்ததும், விருதுநகர் மாவட்டத்தின் வெறும் காடுகளில் ஆட்டுக்கிடைகள் அமரத் தொடங்குகின்றன. சாத்தூரிலிருந்து வெம்பக்கோட்டைக்கோ, அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கோ பொழுதுசாயும் நேரத்தில் போகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். கண்மாய்க்கரையை ஒட்டிய புஞ்சையில் எழுநூறு, எண்ணூறு ஆடுகள் நெருக்கியடித்து நிற்கும். நான்கைந்து பேர் அவற்றைச் சுற்றி வலை கட்டிக்கொண்டிருப்பார்கள். கரையோரம் மூன்று கல் கூட்டிய அடுப்பு, பக்கத்தில் சட்டி பானை, கம்பளி, தூக்குவாளி, குட்டிகளை மூடிவைக்கும் கூடு, ஒரு பழைய டி.வி.எஸ். எக்ஸ்எல் வண்டி. இரண்டு மூன்று இரவுகள் கழிந்தால் அத்தனையும் அடுத்த ஊர்க் கண்மாய்க்கு இடம் மாறிவிடும்.

மனிதர்கள் கூட்டமாகக் கால்நடைகளோடு நெடுந்தூரம் நடப்பதும், இரவில் நீர்நிலையின் கரையில் தங்குவதும் உலகின் பல நாடுகளில் இன்றும் இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹியூரன் ஏரிக்கரையிலிருந்து மிச்சிகன் ஏரிக்கரை வரை குதிரைக்காரர்களுக்கென்றே ஒரு காட்டுப்பாதை இருக்கிறது. 1962 முதல் புழக்கத்தில் உள்ள அந்தப் பாதையின் நீளம் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். குதிரை ஒரு பகலில் நடக்கும் தூரத்துக்கு ஒரு தங்குமிடம், அங்கே தண்ணீர், குதிரை கட்டும் இடம் என்று திட்டமிட்டு அமைத்திருக்கிறார்கள். அங்கே போகிறவர்கள் விடுமுறைக்காரர்கள். விருதுநகரில் கண்மாய்க்கரையில் தங்குகிறவர்களுக்கு அது பிழைப்பு. விடுமுறைக்காரர்களின் பாதைக்கு அரசாங்க வரைபடம் உண்டு, பராமரிப்பு உண்டு. பிழைப்புக்காக நடக்கிறவர்களின் பாதைக்கு அப்படி எதுவும் இல்லை. கிடை எப்படி இயங்குகிறது, இதுவரை எதன் பலத்தில் பிழைத்தது, இப்போது எது அதை நெருக்குகிறது என்பதை ஒருசேரப் பார்த்தால்தான், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு விடை கிடைக்கும்.

முதலில் மண்ணைப் பார்க்க வேண்டும். இந்த மாவட்டத்தில் ஆண்டு மழை 800 மில்லிமீட்டரை ஒட்டித்தான் பெய்கிறது. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். மேற்கே மலையடிவாரத்தில் வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் செம்மண்ணும் நெல்வயலும் தோப்பும். நடுவிலும் கிழக்கிலும் கரிசல். வைப்பாறும் அதன் துணையான அர்ச்சுனா நதியும் ஆண்டில் பல மாதம் மணல் ஆறுகள். இந்த வறட்சிதான் சிவகாசிக்குத் தீப்பெட்டியையும் பட்டாசையும் கொண்டுவந்தது. ஈரமில்லாத காற்றும், விவசாயத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாத மக்களும் அந்தத் தொழிலுக்கு ஏற்றவையாக அமைந்தன. அதே வறட்சிதான் இங்கே ஆட்டை நடக்கவும் வைத்தது. ஓர் ஊரின் மேய்ச்சல் ஓர் ஆண்டு முழுவதும் ஒரு மந்தைக்குப் போதாது. மழைக்காலத்தில் கரிசல் களியாகிக் குளம்பில் அப்பிக்கொள்ளும். நாளெல்லாம் ஈரத்தில் நிற்கிற ஆட்டுக்குக் குளம்பு அழுகும். காட்டில் பயிரும் நிற்கும். அப்போது மந்தை மேட்டு நிலத்துக்கும் தரிசுக்கும் அடிவாரத்துக்கும் ஒதுங்கியாக வேண்டும். அறுவடை முடிந்தபின் தாள்பூமியைத் தேடி இறங்க வேண்டும். கிடையை நடத்தும் தென்மாவட்டக் கீதாரிகள் பலர் தை, மாசியில் காவிரிப் பாசனப் பகுதிக்கே போய், சம்பா அறுத்த வயல்களில் கோடை முழுவதும் தங்குகிறார்கள்.

நடக்கிற ஆடும் இந்த மண்ணின் ஆடுதான். வேம்பூர் ஆடு தூத்துக்குடி மாவட்டத்து வேம்பூரையும் அதை ஒட்டிய விருதுநகர்ப் பகுதியையும் சேர்ந்தது. வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள் இருப்பதால் பொட்டு ஆடு என்று பெயர். கீழக்கரிசல் ஆட்டுக்குக் கருஞ்சிவப்பு மேனியும் கறுத்த அடிவயிறும். மூன்றாவது, ராமநாதபுரம் வெள்ளை. இவை மூன்றும் கம்பளிக்கு உதவாத, கறிக்கும் எருவுக்குமான இனங்கள். நீண்ட கால், குறைந்த தீனி, வெயிலில் பல மைல் நடக்கும் தெம்பு. கொட்டகையில் அடைத்து வளர்க்கும் திட்டங்களைப் பரிந்துரைப்பவர்கள் இந்த ஒரு குணத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. நடப்பதற்காகவே பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆடு இது. நிறுத்திவைத்தால் அதன் தனிச்சிறப்பே வீணாகிவிடும்.

பெரும்பாலான கிடைகள் ஒருவருடைய சொத்தல்ல. பத்து ஆடு வைத்திருப்பவரும் இருநூறு ஆடு வைத்திருப்பவரும் சேர்ந்து ஒரு கிடை. யாருடைய ஆடு எது என்பதைக் காதில் உள்ள வெட்டும் முதுகில் பூசிய சாயமும் சொல்லும். கீதாரி என்பவர் தலைவர். எந்தப் பாதையில் போவது, எந்தக் கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது, எந்தச் சம்சாரியிடம், அதாவது விவசாயியிடம், கிடை பேசலாம் என்பதெல்லாம் அவர் முடிவு. முன்பு ஒருவர் முன்னே நடந்துபோய் ஊர் ஊராகப் பேசிவிட்டு வருவார். இன்று கைப்பேசி பாதி வேலையை முடித்துவிடுகிறது. மீதிக்கு மொபெட் இருக்கிறது. தென்மாவட்டத்தில் கோனார்கள்தான் இதில் மிகுதி என்றாலும், வேறு பல சமூகத்தவரும் கிடை ஆடு வைத்திருக்கிறார்கள். இரவில் கிடையின் நான்கு பக்கமும் ஆள் படுப்பார்கள். நாய்கள் வெளிவட்டம். சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் இந்த மாவட்டத்தின் பெயரையே சுமக்கும் நாய் இனங்கள். ராஜபாளையம் நாய்க்கு 2005இல் இந்திய அஞ்சல் துறை அஞ்சல்தலை வெளியிட்டது. கிடையில் காவல் கிடப்பவையோ பெரும்பாலும் பெயரில்லாத நாட்டு நாய்கள்தான். ஆனால் நரியும் திருடனும் அவற்றைத் தாண்டி வருவது லேசில்லை.

இந்த வாழ்க்கையைத் தமிழ் இலக்கியம் நன்றாகவே பதிவுசெய்திருக்கிறது. கோவில்பட்டி அருகே இடைசெவலில் 1923இல் பிறந்த கி. ராஜநாராயணனின் ‘கிடை’ குறுநாவல் கரிசல் கிடையின் உள்ளமைப்பை, அதன் நீதியையும் அநீதியையும் சேர்த்துக் காட்டியது. அதை அம்ஷன் குமார் ‘ஒருத்தி’ என்ற திரைப்படமாக எடுத்தார். சு. தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’ நாவல் கிடையோடு அலையும் பெண்களின் பாட்டைச் சொன்னது. எழுத்தாளர்கள் பார்த்ததை அரசின் பதிவேடுகள் பார்க்கவில்லை.

கிடை இத்தனை காலம் பிழைத்ததற்குக் காரணம் பழமைப் பற்று இல்லை. சம்சாரிக்கு எரு வேண்டும், மந்தைக்கு மேய்ச்சல் வேண்டும் என்ற கணக்குதான். ஆட்டு எருவில் தழைச்சத்து சுமார் 3 சதவீதம், மணிச்சத்து 1, சாம்பல் சத்து 2 என்று வேளாண் பல்கலைக்கழகப் பாடநூல்கள் சொல்கின்றன. சாதாரணத் தொழுவுரத்தில் தழைச்சத்து அரை சதவீதம்தான். தொழுவத்தில் மூத்திரம் தரையில் ஊறி வீணாகும். கிடையில் அதுவும் நேராக நிலத்துக்குப் போகிறது. வண்டி வாடகை இல்லை, சுமக்கும் கூலி இல்லை. கிடை எழுந்தவுடன் ஓர் உழவு உழுது மண்ணோடு கலந்துவிட்டால் போதும். அதற்குப் பதிலாகக் கீதாரிக்குப் பணமோ தானியமோ கிடைக்கிறது. ரசாயன உரம் விலை ஏறும் ஒவ்வொரு முறையும், இயற்கை விவசாயத்துக்கு ஆள் சேரும் ஒவ்வொரு ஊரிலும், கிடை கேட்பவர்கள் கூடுகிறார்கள். ஆடு மேய்ப்பு காலாவதியான தொழில் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. கிடைக்குத் தேவை குறையவில்லை. குறைந்துகொண்டே வருவது அது நடக்கும் வழியும் நிற்கும் இடமும்.

இந்த ஏற்பாட்டின் வயதைக் கல்வெட்டுகளில் பார்க்கலாம். சோழ, பாண்டிய நாட்டுக் கோயில்களில் நந்தா விளக்கு எரிக்க 96 ஆடுகளைத் தானமாக விடுவது வழக்கம். சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுகள் அவற்றைக் குறிக்கும். ஆடுகளைப் பெற்றுக்கொண்ட மன்றாடி நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். மந்தை செத்தாலும் பெருகினாலும் அந்த எண்ணிக்கை குறையாமல் காப்பது அவர் பொறுப்பு. கோயிலும் ஊரும் மேய்ப்பவரும் எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொண்ட காலம் அது. மேய்ப்பவரின் பெயர் கல்லிலேயே இருந்தது.

இங்கே குதிரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாண்டிய நாட்டுக்குக் கடல்வழியே அரபுக் குதிரைகள் ஆயிரக்கணக்கில் வந்திறங்கியதை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதினார். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாததால் அவை மடிந்துபோவதையும் குறித்தார். இந்த வெயிலும் தீனியும் அந்தக் குதிரைக்கு ஒத்துவரவில்லை. பின்னாளில் பாளையக்காரர்களிடமும் ஜமீன்களிடமும் இருந்த குதிரைகளும் அவர்களோடு போயின. 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதற்கும் குதிரைகள், மட்டக்குதிரைகள் சேர்த்து 3.4 லட்சம்தான், அதற்கு முந்தைய கணக்கெடுப்பைவிட 45 சதவீதம் குறைவு. அதே கணக்கெடுப்பில் செம்மறி ஆடுகள் நாட்டில் 7.4 கோடி, தமிழகத்தில் மட்டும் 45 லட்சம். கரிசலில் குதிரை நிலைத்து நின்றது மண்ணுருவில்தான். திருச்சுழி, நரிக்குடி பக்கம் கண்மாய்க்கரை அய்யனார் கோயில்களில் வேளார்கள் செய்து, புரவி எடுப்பில் ஊரார் சுமந்துவந்து நிறுத்திய சுடுமண் குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. அய்யனார் இரவில் குதிரையேறிக் கண்மாயைச் சுற்றிவருவார் என்பது நம்பிக்கை. கண்மாய்க்கரை இரவில் காவலுக்குரிய இடம், அது ஊர்ப் பொதுவான இடம் என்ற எண்ணம் அந்தக் குதிரைகளில் நிற்கிறது. கிடை அங்கே அமர முடிவதும் அந்த எண்ணத்தால்தான்.

கண்மாய்தான் இந்தப் பயணத்தின் உயிர். தமிழகத்தில் 39,000க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் உள்ளன. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித் துறை வழிவந்த நீர்வளத் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருக்கின்றன. ஆட்டுக்காரருக்கு அதிகாரப் பிரிவினை முக்கியமில்லை. வெயில் ஏறும்போது மந்தை தண்ணீருக்கு வர வேண்டும், மத்தியான வேளையில் கரையிலுள்ள மரநிழலில் அடைய வேண்டும், இரவில் பக்கத்துப் புஞ்சையில் அமர வேண்டும். பங்குனி, சித்திரையில் நீர்ப்பிடிப்பு வற்றும்போது உள்வாயில் முளைக்கும் கோரையும் அருகும் பச்சைத் தீனி. கண்மாய் உள்வாயில் வனத்துறை பல பத்தாண்டுகளாக வளர்த்த நாட்டுக் கருவேல மரங்களின் நெற்று கோடையில் ஆட்டுக்குக் கிடைக்கும் முதல்தரமான ஊட்டம். ஸ்வீடன் நாட்டு உதவியோடு 1981இல் தொடங்கிய சமூகக் காடு வளர்ப்புத் திட்டமும் இத்தகைய தோப்புகளைப் பெருக்கியது. மரக்கன்று சிறிதாக இருக்கும் ஆண்டுகளில் ஆடு உள்ளே போகக் கூடாது. மரம் வளர்ந்தபின் போகலாம். இந்த எளிய ஒழுங்கை ஊரும் கீதாரியும் பேசித் தீர்த்துக்கொள்ள முடியும்.

சீமைக் கருவேலத்தின் கதை வேறு. அதன் நெற்றை ஆடு விரும்பித் தின்கிறது. ஆட்டின் புழுக்கை வழியே விதை பரவவும் செய்கிறது. ஒருபுறம் தீனி, மறுபுறம் மேய்ச்சல் நிலத்தையே மூடும் முள். சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் இந்த மரத்தை அகற்ற உத்தரவிட்டபின் கண்மாய்கள் சிலவற்றில் அது குறைந்தது. ஆனால் அகற்றிய இடத்தில் நாட்டுப் புல்லும் நாட்டுக் கருவேலும் வராமல் விட்டால் ஓரிரு மழையில் பழையபடி முளைத்துவிடும்.

கண்மாய்க்கரையில் ஆட்டுக்காரர்கள் மட்டும் தங்குவதில்லை. வாத்து மேய்ப்பவர்கள் அறுவடை வயல்களைத் தொடர்ந்து இதே முறையில் ஊர்விட்டு ஊர் போகிறார்கள். சிவகங்கைச் சீமையின் புலிக்குளம் மாடுகளும் கிடைமாடுகளே. தேசிய அளவில் பதிவான அந்த நாட்டினத்தின் காளைகளைத்தான் ஜல்லிக்கட்டு வாடிவாசலில் மக்கள் பார்க்கிறார்கள். ஆடித் திருவிழாவில் வைப்பாறும் அர்ச்சுனா நதியும் கூடும் இருக்கன்குடியில் மாரியம்மன் பக்தர்கள் ஆற்றங்கரையில் தங்குவதும் இந்த வட்டாரத்தின் பழைய பழக்கம்தான். ஊர்விட்டுப் போய்க் கரையில் இறங்கித் தங்குவது இங்கே அந்நியமான செயல் அல்ல.

நெருக்கடி முதலில் சாலையில் தொடங்குகிறது. மதுரையிலிருந்து விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி வழியே நெல்லை போகும் நான்குவழிச் சாலை மாவட்டத்தை வடக்கு தெற்காக அறுத்துச் செல்கிறது. நடுவே தடுப்புச் சுவர், இருபுறமும் வேகமாக வரும் லாரிகள். கிழக்குக் கரிசலிலிருந்து மேற்கு அடிவாரத்துக்குப் போக வேண்டிய மந்தை இதைக் கடந்தாக வேண்டும். பாலத்தின் அடியில் புகுந்து போகலாம்; அங்கே தண்ணீர் நின்றால் அதுவும் இல்லை. பழைய வண்டிப்பாதைகள் வருவாய்த் துறை வரைபடத்தில் புறம்போக்கு என்று இருக்கின்றன. நிலத்தில் பார்த்தால் வரப்பு அவற்றைத் தின்றுவிட்டது, அல்லது வீட்டுமனைக் கல் நட்டிருக்கிறது.

அடுத்தது வேலி. சிவகாசி, வெம்பக்கோட்டை, சாத்தூர் வட்டாரத்தில் பட்டாசு ஆலைகள் பரவிய நிலம் பெரிது. பாதுகாப்பு விதிப்படி ஒவ்வோர் அறைக்கும் இடையே இடைவெளி விட வேண்டும். அதனால் ஒரு சிறு ஆலைக்கும் பல ஏக்கர் வேண்டும். ஒரு காலத்தில் தரிசாகக் கிடந்து ஆடு மேய்ந்த மண் அது. ஆலைக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டக் கூடாது, பீடி பற்றவைக்கக் கூடாது என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் உயிருக்கு அஞ்சிக் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு. முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று நடந்த வெடிவிபத்தை இந்த வட்டாரம் மறக்காது. ஆகவே ஆலைகளை ஒட்டிய நிலங்களில் கிடை அமரவே வழியில்லை. வேலிக்குள் புல் காய்ந்து நிற்கும், வெளியே ஆடு பட்டினியாகப் போகும். கிழக்கே ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 2016இல் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் எழுந்தது. இத்தகைய நிலையங்கள் மானாவாரிக் காட்டிலும் தரிசிலும்தான் அமைகின்றன. மின்சாரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ‘பயனற்ற தரிசு’ என்று கோப்பில் எழுதப்படும் நிலத்தில் ஆண்டுக்குச் சில மாதம் ஆயிரக்கணக்கான ஆடுகள் வயிறு நிரப்பின என்பதை அந்தக் கோப்பு சொல்ல வேண்டும்.

பட்டாசுத் தொழிலோடு கிடைக்கு இன்னோர் உறவும் உண்டு. அது தீபாவளி. ஆண்டு முழுவதும் செய்த சரக்கை சிவகாசி விற்றுத் தீர்க்கும் அதே வாரங்களில்தான் எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையிலும் திருமங்கலம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் ஆட்டுக்கு உச்ச விலை. கீதாரியும் ஆலைத் தொழிலாளியும் ஒரே பண்டிகையை நம்பி ஆண்டைக் கழிக்கிறார்கள். பல வீடுகளில் இருவரும் ஒரே குடும்பம்: தகப்பன் கிடையில், பிள்ளைகள் ஆலையில் அல்லது அச்சகத்தில். வாரச் சம்பளம், இரவில் வீட்டுத் தூக்கம், குழந்தைகளின் பள்ளிக்கூடம் இவற்றை விட்டுவிட்டு இளைஞன் ஏன் கம்பளியோடு கண்மாய்க்கரையில் படுக்க வேண்டும் என்ற கேள்விக்கு மந்தையின் வருமானம் மட்டும் பதிலாகாது. மரியாதையும் பாதுகாப்பும் வேண்டும். ஆடு திருட்டுப் புகாரை அக்கறையோடு விசாரிக்கும் காவல் நிலையம் வேண்டும். இடி விழுந்து ஒரே இரவில் மந்தையின் பாதி போனால் ஈடு கொடுக்கும் காப்பீடு வேண்டும்.

நோயும் இதோடு சேர்கிறது. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி நீலநாக்கு நோய் வரும். மிகச் சிறிய ஒருவகைக் கடிப்பூச்சிகள் அதைப் பரப்புகின்றன. 1997, 1998 ஆண்டுகளில் தென்மாநிலங்களில் அது பெருஞ்சேதம் செய்தது. இப்போது தடுப்பூசி இருக்கிறது. ஊசி போட வரும் நாளில் மந்தை அந்த ஊரில் இருப்பதில்லை என்பதே சிக்கல். கால்நடை மருந்தகம் ஓர் ஊரில் நிற்கிறது, கிடை நடக்கிறது.

எல்லாவற்றிலும் கடினமான சிக்கல் மேற்கே, மலையில். சேத்தூர் முதல் வத்திராயிருப்பு வரை அடிவார ஊர்களில் மலைமாடு வளர்ப்பவர்கள் பயிர்க்காலத்தில் மாடுகளை மலைக்கு ஓட்டிப்போய்ப் பட்டி போட்டு மேய்த்தார்கள். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காட்டை ஒதுக்கி, மேய்ச்சலை அனுமதிச் சீட்டுக்கும் கட்டணத்துக்கும் உட்படுத்தியது. 1988இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சாம்பல் நிற அணில் சரணாலயம் வந்தது. 2021 பிப்ரவரியில் அது மேகமலையோடு சேர்ந்து, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட புலிகள் காப்பகமாயிற்று. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் முதலில் தமிழகக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடைசெய்து, சில நாட்களில் அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவுக்குத் திருத்தியது.

வனத்துறையின் அச்சத்தில் உண்மை இருக்கிறது. 1960களின் இறுதியில் வெக்கை நோய் முதுமலையின் காட்டெருதுகளைக் கொன்று குவித்தது வரலாறு. அளவுக்கு மீறிய மேய்ச்சலில் கன்று மரம் எழாது. சாம்பல் அணிலுக்குக் கொப்போடு கொப்பு கூடிய உயர்ந்த மரம் வேண்டும். வைப்பாற்றின் தலைநீரும் அந்த மலையில்தான். மறுபக்கம், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பருவத்துக்குப் பருவம் வந்துபோகும் மேய்ப்பர்களின் மேய்ச்சல் உரிமையைச் சமூக உரிமையாகவே வெளிப்படையாக ஏற்கிறது. அதைப் பெறப் பழங்குடியல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். நடந்தே வாழ்ந்தவர்களிடம் அதற்கு ஆவணம் அரிது. பழைய மேய்ச்சல் சீட்டு ஒன்றிரண்டு பெட்டியடியில் கிடந்தால் அதிர்ஷ்டம். காப்பகத்தின் உள்மையப் பகுதியை முழுதாக விட்டுவிட்டு, வெளிவட்டக் காடுகளில் எத்தனை மாடு, எந்த மாதம், எந்தத் தடத்தில் என்று வரையறுத்து, தடுப்பூசி போட்ட மந்தைக்கு மட்டும் அனுமதி என்ற ஏற்பாடு இரு தரப்புக்கும் நியாயமானது. முழுத் தடை மலைமாட்டை அழிக்கும். கட்டற்ற மேய்ச்சல் மலையை அழிக்கும்.

வேறு நாடுகளில் இந்தக் கேள்வியை எப்படித் தீர்த்தார்கள்? ஸ்பெயின் நாட்டில் 1273இல் பத்தாம் அல்போன்சோ மன்னர் ஆடு மேய்ப்போரின் சங்கத்துக்குப் பட்டயம் கொடுத்தார். மந்தைப் பாதைகளுக்கு அரச பாதுகாப்பு கிடைத்தது. 1995இல் ஒரு புதிய சட்டம் ஏறத்தாழ 1,25,000 கிலோமீட்டர் மந்தைப் பாதைகளைப் பொதுச்சொத்து என்று அறிவித்தது. அவற்றை விற்க முடியாது, ஆக்கிரமித்து அனுபவ உரிமை கோர முடியாது. பெரிய பாதைகளின் அகலம் 75 மீட்டர் வரை. மந்தை இளைப்பாறும் இடமும் தண்ணீர் காட்டும் இடமும் பாதையின் பகுதியாகவே அந்தச் சட்டத்தில் வருகின்றன. மந்தை நடக்காத நாட்களில் நடைபயணிகளும் குதிரைக்காரர்களும் அவற்றைப் பயன்படுத்தலாம். ஆண்டுதோறும் மாட்ரிட் நகரின் நடுவே ஆயிரக்கணக்கான ஆடுகளை ஓட்டிச் சென்று மேய்ப்பர்கள் தங்கள் வழியுரிமையை நிலைநாட்டுகிறார்கள். பருவந்தோறும் மந்தையோடு இடம்பெயரும் வழக்கத்தை யுனெஸ்கோ 2019இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்து, 2023இல் ஸ்பெயின் உள்ளிட்ட மேலும் சில நாடுகளுக்கு விரிவாக்கியது.

தமிழகத்தில் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஊர்ப் பொதுநிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டு ஊரிடமே ஒப்படைக்க மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேய்ச்சல் புறம்போக்கு, வண்டிப்பாதைப் புறம்போக்கு, கண்மாய்ப் புறம்போக்கு எல்லாம் கிராமக் கணக்கில் புல எண்ணோடு இருக்கின்றன. இவற்றை ஒரு நெடும்பாதையாக இணைத்துப் பார்க்கும் கண்தான் இல்லை. ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு துறையின் பொறுப்பு. முழுப் பாதைக்குப் பொறுப்பானவர் எவரும் இல்லை.

செய்ய வேண்டியவை பெரும் செலவு கேட்பவையும் அல்ல. கீதாரிகளை உட்காரவைத்து அவர்கள் நடக்கும் தடங்களை வரைபடத்தில் குறிக்கலாம். ஒரு பகல் நடைக்கு ஒன்று என்று கண்மாய்க்கரைகளில் கிடை நிறுத்தும் இடங்களை அளந்து ஒதுக்கலாம். அங்கே கோடைக்கு ஒரு தண்ணீர்த்தொட்டி, நிழலுக்கு நாட்டு மரம், குறித்த தேதியில் வந்து ஊசிபோடும் கால்நடை மருத்துவர் போதும். நான்குவழிச் சாலையைக் கடக்கும் அடிப்பாலங்களில் தேங்கும் நீரை வடியவைக்கலாம். கிடைப் பாதையைச் சுற்றுலாவாக்கலாம் என்ற யோசனையும் எழும். பொங்கலுக்குப் பின் நகரத்துப் பிள்ளைகள் கிடையோடு ஓர் இரவு தங்கிப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் அது இரண்டாவது வேலை. பாதையை மீட்காமல் பயணியை அழைத்துவந்தால், ஏற்கெனவே நெருக்கடியில் உள்ள கரையில் இன்னொரு கூட்டம் வந்து உட்கார்ந்ததாகவே முடியும்.

காலமும் இதற்குச் சாதகமாக இருக்கிறது. 2024 அக்டோபரில் தொடங்கிய 21ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில்தான், இந்தியாவில் முதன்முறையாக, மேய்ச்சல் வாழ்க்கை நடத்துவோர் தனியே கணக்கெடுக்கப்பட்டார்கள். 2026ஐ மேய்ச்சல் நிலங்கள், மேய்ப்பர்களுக்கான சர்வதேச ஆண்டாக ஐ.நா. பொதுச்சபை அறிவித்திருக்கிறது. மாநில அரசின் சட்டத்துக்காகக் காத்திருக்காமல் ஊர்களே தொடங்கக்கூடிய வேலையும் ஒன்று உண்டு. குடியரசு நாள், மே தினம், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி அன்று கிராம சபை கூடுகிறது. தங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் கிடை அமரும் புறம்போக்கையும், அதற்கு வரும் வண்டிப்பாதையையும் அளந்து கல் நட்டு, ஊராட்சிப் பதிவேட்டில் ஏற்றும்படி ஒரு தீர்மானம் கொண்டுவர எந்த ஊராலும் முடியும். கிடை எருவால் விளைந்த கரிசல் ஊர்களின் சம்சாரிகளே அதை முன்மொழிய வேண்டும்.